செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: முக்குக் கடையும் மூன்று மனுக்களும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சேலத்தில் உள்ள நமது குடியிருப்போர் நலச்சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது.

உறுப்பினர் வீடுகள் 112இலிருந்து 119 ஆகியிருக்கின்றன. மாதக் கூட்டம் 11 நடந்தது. மே மாதம் கல்யாண சீசன், கோரம் சேரவில்லை. நான்கு தெருவிளக்குகள் வந்தன. சாக்கடை மூடி வரவில்லை. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். மற்ற நேரமெல்லாம் நம் தெரு முக்கில் இருக்கும் மதுக்கடை என்ற ஒரே விஷயத்தில் போயிற்று. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலரை நம் ஊர் அரசு மருத்துவமனைக்கும் கொண்டுவந்தார்கள். அந்த நாட்களில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டபோதெல்லாம் நம் தெருவில் பேச்சு நின்றுபோனது. எல்லோர் வீட்டிலும் குடிக்கிற ஒருவர் இருக்கிறார், அதுதான் காரணம்.

ஜூலைக் கூட்டத்தில், ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் கோடி வீட்டு அக்கா அரை மணி நேரம் பேசினார். சாராயத்தில் போதை தருவது எத்தனால். கருணாபுரத்தில் கொன்றது மெத்தனால், அதாவது தின்னருக்கும் வார்னிஷுக்கும் போகிற சரக்கு. அது உடம்புக்குள் பார்மிக் அமிலமாக மாறி முதலில் கண் நரம்பைத்தான் பிடிக்கும். "கொளுத்திப் பார்த்தால் தெரியுமாமே அக்கா?" என்று ஒரு தம்பி கேட்டார். "கலந்த சரக்கு கொளுத்தினாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. கண் மங்கினால் வீட்டில் படுக்க வைக்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்றார். அதை நோட்டீஸாக அச்சடித்து ஒட்டினோம். கீழே கள்ளச்சாராயப் புகாருக்கான 10581 எண்ணையும் போட்டோம்.

அப்புறம்தான் கேள்வி எழுந்தது: இந்தச் சரக்கைத் தடுக்க யாருக்கு அதிகாரம்? நம் உறுப்பினரான வழக்கறிஞர் இரண்டு கூட்டங்களில் எடுத்துச் சொன்னார். மதுவைத் தயாரிப்பது, வைத்திருப்பது, கொண்டுபோவது, வாங்குவது, விற்பது எல்லாம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில், அதாவது மாநில அரசு சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியலில், 8ஆவது இனம். மதுவிலக்கைக் கொண்டுவர முயலவேண்டும் என்று 47ஆவது பிரிவு சொல்கிறது, ஆனால் அதைக் காட்டி நீதிமன்றத்தில் கட்டாயப்படுத்த முடியாது. நம்மிடம் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி சென்னை மாகாணத்தில் ராஜாஜி முதலில் மதுவிலக்குக் கொண்டுவந்ததே நம் சேலம் மாவட்டத்தில்தான் என்பதை இங்கே ஒரு பெருமைக்காகச் சொல்லிவைக்கிறேன்.

தொழிற்சாலைக்குப் போகும் ஆல்கஹால் விஷயத்தில்தான் சிக்கல் இருந்தது. மாநிலத்தின் அதிகாரம் குடிக்கிற மதுவோடு சரி என்று 1989இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லியிருந்தது. 2024 அக்டோபர் 23ஆம் தேதி ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8க்கு 1 என்ற கணக்கில், அதை மாற்றியது. தொழிற்சாலை ஆல்கஹாலும் 8ஆவது இனத்துக்குள் வரும் என்றது; நீதிபதி நாகரத்னா மட்டும் ஒப்பவில்லை. இது பெரிய தீர்ப்புதான். ஆனால் மெத்தனாலை வைத்திருக்க உரிமம் வேண்டும் என்ற விதிகள் நம் மாநிலத்தில் 1959 முதலே இருக்கின்றன. கருணாபுரத்துக்குப் பிறகு ஜூன் மாதமே சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது. உயிர் போனால் ஆயுள் தண்டனை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. அதிகாரம் போதாமல் அந்த ஊரில் சாவு விழவில்லை என்பது என் சொந்தக் கருத்து. செயற்குழுவில் எல்லோரும் இதை ஏற்கவில்லை, அதையும் பதிவு செய்கிறேன்.

சரி, நம் முக்குக் கடைக்கு வருவோம். 2017 வரை அது நெடுஞ்சாலையில் இருந்தது. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கே தமிழ்நாடு அரசுக்கும் பாலு என்பவருக்கும் நடந்ததுதான். வண்டி ஓட்டுபவர்கள் பிழைக்கட்டும் என்று வந்த தீர்ப்பு. நெடுஞ்சாலையை விட்ட கடைகள் எங்கே போகும்? தெருவுக்குள் வந்தன. மாநிலம் முழுக்கப் பெண்கள் கடைகளை மறித்து உட்கார்ந்த ஆண்டு அது. நாம் அப்போது உட்காரவில்லை. எட்டு வருடம் தாமதமாக மனு எழுதுகிறோம்.

முதல் மனு, பள்ளிக்கூடத்துக்கு மிக அருகில் கடை இருக்கிறது என்பது. மாநகராட்சி எல்லைக்குள் பள்ளி, கோயிலிலிருந்து 50 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. துணைத் தலைவரும் நானும் காலி மனை வழியாகக் கயிறு பிடித்து அளந்தோம், 46 மீட்டர் வந்தது. வெற்றி என்று நினைத்து மனுக் கொடுத்துவிட்டோம். அளக்க வந்தவர்கள் ஆள் நடக்கும் சாலை வழியே அளந்தார்கள், 71 வந்தது. மனை வேலியைத் தாண்டி எந்தப் பிள்ளையும் பள்ளிக்குப் போவதில்லையே என்று கேட்டார்கள். பதில் இல்லை. தப்பு எங்களுடையது.

இரண்டாவது மனு, பிள்ளையார் கோயிலைக் காட்டி. கோயில் கட்டியது 2019இல், கடை வந்த பிறகு. அதுவும் நிற்கவில்லை. பிள்ளையாரை இதில் இழுத்திருக்கக் கூடாது என்று பாட்டி ஒருவர் என்னிடம் ஒரு மாதம் பேசவில்லை.

இந்த மனுக்களுக்காக அலைந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை என்று ஒரே பலகையில் இரண்டும் எழுதியிருக்கிறது. தடுக்கிற கையும் வரி வாங்குகிற கையும் ஒரே சட்டையில்தான். 2003 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வழியாக அரசிடமே இருக்கிறது. அந்த அரசே 2016, 2017, 2023ஆம் ஆண்டுகளில் தலா 500 கடைகளை மூடியதும் உண்டு. அதாவது ஒரு கடையை எடுக்க நீதிமன்றமே வேண்டும் என்பதில்லை, ஓர் உத்தரவு போதும். அந்த உத்தரவுக்கு நம் தெருவின் பெயரை எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் நமக்குத் தெரியவில்லை.

ஜூலை 31 அன்று, நம் மாவட்டத்துக்காரரான காந்தியவாதி சசிபெருமாளுக்கு இரண்டு நிமிடம் மௌனம் காத்தோம். 2015இல் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை அகற்றச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிர்விட்டவர் அவர்.

மூன்றாவது முயற்சி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில். வணிகப் பகுதி என்று நகரமைப்பில் குறித்த இடத்துக்கு அந்த 50 மீட்டர் விதியே பொருந்தாது என்று இரண்டு மனுவும் போன பிறகுதான் தெரிந்தது. பத்து ரூபாய் கட்டி நம் தெரு எந்த வகை என்று கேட்டோம். பிப்ரவரியில் பதில் வந்தது. தெருவில் பாதிக்கு மேல் குடியிருப்புப் பகுதி. வணிகப் பகுதியின் கோடு டீக்கடையோடு முடிகிறது. மதுக்கடை கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பது வரைபட நகலில் மை பரவிய இடத்தில் இருக்கிறது. தெளிவான நகல் கேட்டு மேல்முறையீடு தயாராக இருக்கிறது.

கையெழுத்து நோட்டு பொருளாளர் மேசையில் இருக்கிறது. 119 வீட்டில் 64 வீடுதான் இதுவரை போட்டிருக்கிறது. டீ வருவதற்குள் மற்றவர்களும் போட்டுவிட்டு, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்