மகளுக்கு, இரண்டு சீட்டுக் கார் விஷயமாக

தலவாக்கலை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

அங்கே வேல்ஸில் வாங்கப் பார்க்கிறாய் என்று நீ அனுப்பிய இரண்டு காரின் படங்களையும் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "பின் சீட் எங்கே?" என்றாள். இல்லை என்றேன். "அப்போ நாம போனா எங்கே உட்காருவது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்கு நீயே பதில் சொல்லிக்கொள். போனில் பேசினால் "சரி அப்பா, சரி அப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மஸ்டாவா, டொயோட்டாவா என்று கேட்டிருந்தாய். 2002ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்று, 2001ஆம் ஆண்டு டொயோட்டா எம்ஆர்2 ஒன்று. இரண்டிலும் 1.8 லீட்டர் பெற்றோல் என்ஜின், இரண்டுக்கும் பின் சில்லில் இழுவை, துணிக் கூரை, எடையும் ஏறக்குறைய ஒரு டன். விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்கிறாய். (அந்தக் காசுக்கு இங்கே பழைய ஆட்டோ ஒன்றுக்கே பேரம் பேச வேண்டும். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து ஏறிய விலை, 2025இல் திறந்துவிட்ட பிறகும் மனிதனுக்கு எட்டுகிற மாதிரி இல்லை.) வித்தியாசமெல்லாம் என்ஜின் இருக்கும் இடத்தில்தான். மஸ்டாவுக்கு முன்னால், பொனெட்டுக்குக் கீழே. டொயோட்டாவுக்கு உன் முதுகுக்குப் பின்னால், பின் சில்லுக்குக் கொஞ்சம் முன்னால். விளம்பரத்தில் 'மிட் என்ஜின்' என்று போட்டிருக்கிறார்களே, அது இதுதான்.

இடம் மாறினால் என்ன ஆகும் என்று நீ சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறாய். பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்து வரும்போது ஒரு குடத்தை இடுப்போடு அணைத்துக்கொண்டால் சட்டென்று திரும்பலாம். இரண்டு கையிலும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பிப் பார், மெதுவாகத்தான் வரும். டொயோட்டா குடம் மாதிரி. கனமெல்லாம் நடுவிலே. ஸ்டியரிங்கை லேசாகத் தொட்டாலே மூக்கு திரும்பும். ஆனால் சட்டென்று திரும்புகிறது சட்டென்று சுற்றவும் செய்யும்.

இனிச் சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பிறப்பதற்கு முன், தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டிய காலம். தோட்டத்துத் தொரையின் பழைய ஜெர்மன் காரைக் கம்பளைக்குக் கொண்டுபோய் வேலை பார்த்துக்கொண்டு வரச் சொன்னார்கள். அதற்கு என்ஜின் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில், பின் அச்சுக்கும் பின்னால். வரும்போது நல்ல மழை. ரம்பொடை ஏறி, லபுக்கலைப் பக்கம் ஒரு முடக்கில் திரும்பிக்கொண்டிருக்கிறேன், மேலேயிருந்து ஒரு பஸ் நடு ரோட்டில் இறங்குகிறது. பயத்தில் அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கில் வைத்தேன். அவ்வளவுதான். பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு வந்தது. கண்ணை மூடித் திறந்தால் கார் கம்பளையைப் பார்த்து நிற்கிறது, பின் சில்லு ஒன்று ரோட்டோரக் கானுக்குள். வைப்பர் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்தவர்கள் இறங்கித் தூக்கிவிட்டார்கள். தொரையிடம் மூச்சு விடவில்லை. சேற்றை மட்டும் பீலியில் கழுவிவிட்டுக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பிழை என் காலில்தான். முடக்கில் காலை எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும். பின் டயர் ரோட்டை அழுத்துவது குறையும். ஆனால் வெளியே இழுக்கிற கனம் பின்னாலேயே இருக்கிறது. பிடி விட்டால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே நேராகப் போகத்தான் பார்க்கும். எம்ஆர்2 அந்தக் காரைப் போல அவ்வளவு மோசம் இல்லை, என்ஜின் பின் அச்சுக்கு முன்னால் அல்லவா. 1989இல் வந்த இரண்டாவது எம்ஆர்2தான் இந்த விஷயத்தில் பெயர் கெட்டது. டொயோட்டாக்காரர்களே பிறகு அதன் சஸ்பென்ஷனை மாற்றினார்கள். நீ பார்ப்பது 1999இல் வந்த மூன்றாவது. எடை குறைவு, சாதுவும்கூட. இருந்தாலும் பாதிக்கு மேல் பாரம் பின்னால்தான்.

மஸ்டா மட்டும் வழுக்காதா? வழுக்கும். பின் சில்லு தள்ளுகிற எந்தக் காரும் ஈர ரோட்டில் வழுக்கும். ஆனால் அதில் என்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் நன்றாக ஒதுக்கி, பாரத்தை முன்னும் பின்னும் கிட்டத்தட்டப் பாதிப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். அதனால் வழுக்கும்போதும் மெதுவாக வழுக்கும், சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் முன்கூட்டியே தெரியும். உனக்கு ஒரு நொடி கிடைக்கும். அந்த நொடி எனக்கு அன்று கிடைக்கவில்லை.

டொயோட்டாவின் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தில் முடக்கை விட்டு வெளியே வரும்போது பின் டயர் மேல் என்ஜின் பாரம் இருப்பதால் சில்லு சும்மா சுழலாது, அப்படியே பிடித்துக்கொண்டு ஏறும். ஏப்ரலில் நுவரெலியாவில் மகாகஸ்தொட்டை மலையேற்றக் கார் ஓட்டம் பார்க்க வரம்பில் நின்றிருக்கிறேன், உனக்கும் ஞாபகம் இருக்கலாம், காதைப் பொத்திக்கொண்டு என் தோளில் இருந்தாய். அங்கே நேரம் போவது முடக்கில் சில்லு சுழலுகிறவனுக்குத்தான். எனக்கு 25 வயது என்றால் டொயோட்டாவைத்தான் வாங்கியிருப்பேன். அம்மாவிடம் சொல்லாதே.

ஆனால் ஓட்டப்போவது நீ. இரவு டியூட்டி முடித்துவிட்டு, விடிகாலை மழையில், வேல்ஸ் மலை ரோட்டில் தனியாக வருகிறாய். தூக்கக் கண்ணோடு வருகிறவளுக்கு நொடி கொடுக்கிற கார்தான் வேண்டும். என் வாக்கு மஸ்டாவுக்கு.

ரிப்பேர் கணக்கும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. நம்முடைய பழைய வேனில் என்ஜின் சீட்டுக்கு அடியில் இருந்ததே, ஒரு பிளக் மாற்றவும் சீட்டைத் தூக்க வேண்டும், ஏற்றத்தில் உட்காருகிற இடம் சுடும். எம்ஆர்2இலும் என்ஜின் ஒடுங்கின இடத்தில்தான். ரேடியேட்டர் முன்னால், என்ஜின் பின்னால், தண்ணீர் போகிற குழாய் அடியில் நீளத்துக்கும் ஓடுகிறது. தண்ணீர் மாற்றும்போது உள்ளே காற்று நின்றுவிட்டால் என்ஜின் சூடாகிவிடும், பொறுமையாகக் காற்றை எடுக்கிற ஆள் வேண்டும். எம்எக்ஸ்-5 1989இலிருந்து வருகிற கார், 10 லட்சமாவது கார் 2016இலேயே வெளியே வந்துவிட்டது, சாமானுக்கு அலைய வேண்டியதில்லை. எம்ஆர்2ஐ 2007இல் நிறுத்திவிட்டார்கள். டயரும் அப்படித்தான். மஸ்டாவுக்கு நான்கும் ஒரே அளவு. டொயோட்டாவுக்குப் பின் டயர் அகலம், முன்னதைப் பின்னால் மாற்றிப் போட முடியாது.

மஸ்டாவுக்கு எமன் துரு. உங்கள் ஊரில் குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுகிறார்களே, அது சும்மா விடாது. கூரையில் விழும் மழை சீட்டுக்குப் பின்னால் இரண்டு சின்ன ஓட்டை வழியாக இறங்க வேண்டும். இலைகுழை அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற பெட்டித் தகட்டுக்குள் நின்று உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின் சில்லுக்கு முன்னால் அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார், மடிந்தால் திரும்பி வந்துவிடு. என்ஜின் வால்வுகளை ஓட்டுகிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றியது என்று பில்லைக் கேள், வாய்ச்சொல் வேண்டாம். டொயோட்டாவுக்குப் பெல்ட்டுக்குப் பதில் செயின், அந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த வருட என்ஜின்கள் ஒயில் குடிக்கும், புகைக்குழாய் தொடங்கும் இடத்தில் இருக்கிற, புகையைச் சுத்தம் செய்கிற கெட்டலிஸ்ட் உதிர்ந்து தூள் என்ஜினுக்குள் போனால் கதை முடிந்தது. அடித் தகடும் பார்க்க வேண்டும், அதற்கும் பின்பக்கம் துருப் பிடிக்கும்.

நம்பர் பிளேட் இலக்கத்தைப் போட்டால் உங்கள் ஊரில் வருடா வருடம் செய்கிற எம்ஓடி வாகனச் சோதனையின் பழைய முடிவெல்லாம் இலவசமாகப் பார்க்கலாமாம். துரு என்று எழுதியிருக்கிறதா, எந்த வருடத்திலிருந்து என்று பார்த்து எனக்கு அனுப்பு. மஸ்டாவின் தகடு இற்றுப்போயிருந்து டொயோட்டா சுத்தமாக இருந்தால், சரி, டொயோட்டாவையே எடு. நல்ல டயர் நான்கு போடு, மழையில் முடக்கு நடுவில் காலைத் தூக்காதே.

ஒன்று மறந்துவிட்டேன். நீ போகுமுன் என்ஜினை ஸ்டார்ட் பண்ணி வைக்கக்கூடாது என்று விற்கிறவரிடம் சொல்லிவிடு. குளிர்ந்த என்ஜினில்தான் புகையும் சத்தமும் உண்மையைச் சொல்லும். போனதும் முதலில் கையை வைத்துச் சூடு பார். டொயோட்டாவில் பின் மூடியில் வை, பழக்கத்தில் முன்னால் போய்த் தொட்டுவிட்டு "ஆறித்தான் இருக்கு அப்பா" என்று சொல்லாதே. அங்கே ஸ்பேர் டயர்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா