ஏறவே முடியாத எரிமலைத் தீவுக்குக் கட்டணம் வாங்கியது குறித்துப் புகார்

அனுப்புநர்: ஜனவரி 18 பிலிப்பைன்ஸ் பயணத்தில் வந்த மூன்று பேர் குடும்பம், திருநெல்வேலி (பெயர், முன்பதிவு எண் இணைப்பில்)

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, சென்னை அலுவலகம்

பொருள்: தால் எரிமலைத் தீவுப் பயணத்துக்கு வாங்கிய ரூ.29,400-ஐத் திருப்பித் தரக் கோருதல்

வணக்கம்.

கடந்த ஜனவரி 18 முதல் 24 வரை உங்கள் நிறுவனம் வழியாக அப்பா, அம்மா, நான் மூவரும் பிலிப்பைன்ஸ் போய் வந்தோம். விமானம், மணிலா ஓட்டல், போஹோலில் இரண்டு நாள், எதிலும் சொல்லும்படியான குறை இல்லை. காலைச் சாப்பாட்டில் அம்மாவுக்கு ரொட்டியும் வாழைப்பழமும் தவிர ஒன்றும் தேறவில்லை, ஆனால் அதற்கெல்லாம் நான் கடிதம் எழுத மாட்டேன். இது நான்காம் நாளைப் பற்றி மட்டும்.

அந்த நாளுக்கு நீங்கள் விற்றது 'தால் எரிமலைத் தீவு: படகு, குதிரைச் சவாரி, உச்சியில் எரிமலை வாய் ஏரி'. பேக்கேஜ் விலையில் சேராத தனிக் கட்டணம், தலைக்கு ரூ.9,800. நாங்கள் இந்தப் பயணத்துக்கு வந்ததே அதற்காகத்தான். அப்பா முப்பத்தொரு வருடம் பள்ளியில் புவியியல் நடத்தியவர். லூசோன் ஒரு தீவு, அதற்குள் தால் ஏரி, ஏரிக்குள் எரிமலைத் தீவு, அந்தத் தீவின் வாய்க்குள் இன்னொரு ஏரி, அதற்குள்ளும் ஒரு பாறைத் திட்டு என்று கரும்பலகையில் வட்டத்துக்குள் வட்டமாக அவர் வரைந்ததைப் பார்த்த மாணவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். 2025 ஜூனில் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் 14 நாள் அனுமதி என்று செய்தி வந்ததும் "இனி சாக்கு சொல்ல முடியாது" என்று அவரே பணத்தை எடுத்து வைத்தார்.

ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டவில்லை. 2020 ஜனவரி 12 அன்று அந்த எரிமலை வெடித்தது, சாம்பல் மணிலா வரை விழுந்தது, விமான நிலையத்தையே மூடினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பில் கேட்டார்: "2020 வெடிப்புக்குப் பிறகு தீவுக்குள் ஏற விடுகிறார்களா?" உங்கள் ஊழியரின் பதிலை எழுத்து மாறாமல் தருகிறேன்: "எல்லாம் ஓப்பன்தான் சார். டெய்லி ஆட்கள் போறாங்க. போட், குதிரை எல்லாம் நம்ம பேக்கேஜ்லயே வந்துரும்." ஸ்கிரீன்ஷாட் இணைப்பு 1.

சரி, நான்காம் நாள். மணிலாவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி தகாய்தாய் மலைமுகட்டுக்கு ஒன்பதரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். கீழே ஏரி, நடுவில் தீவு. மேலே நின்று பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. படம் எடுத்து முடித்துவிட்டு, "படகுத்துறைக்கு எப்போது இறங்குகிறோம்?" என்று கைடிடம் கேட்டேன். அவர் முதலில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். பிறகு தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உங்கள் அலுவலகம் அவருடைய முகமைக்கு அனுப்பிய வவுச்சர் அது. அதில் இருந்தது ஒரே வரி: தகாய்தாய் காட்சிமுனை, மதிய உணவு, ஷாப்பிங் மால், மூன்று பேர். தீவு இல்லை, படகு இல்லை, குதிரையும் இல்லை. அந்தத் தாளை அவர் அனுமதியோடு படம் எடுத்துக்கொண்டேன், இணைப்பு 2.

அதாவது எங்களிடம் ஒன்றை விற்றுவிட்டு, அங்கே வேறொன்றை வாங்கியிருக்கிறீர்கள். இந்தப் புகாரில் எனக்கு முக்கியமான வரி இதுதான்.

அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தக் கைடு தன் நேரத்தைச் செலவழித்து எங்களைக் கீழே தலிசாய் ஊருக்கு அழைத்துப் போனார். அவரைப் பற்றி எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, தயவுசெய்து பழியை அவர் பக்கம் தள்ளிவிடாதீர்கள். கரையில் இருந்த படகுக்காரர்கள் சொன்னது ஒரே பதில்: தீவில் யாரையும் இறக்குவதில்லை, 2020-க்குப் பிறகு இறக்கியதில்லை. முன்பு குதிரை நடத்திப் பிழைத்தவர்களும் தீவில் குடியிருந்தவர்களும் அந்த ஜனவரியோடு வெளியேறினார்கள். தீவு முழுவதையுமே நிரந்தர ஆபத்து மண்டலம் என்று அந்த நாட்டின் எரிமலை ஆய்வு நிறுவனமான பிவோல்க்ஸ் குறித்திருக்கிறது. உள்ளே நுழையத் தடை என்று அவர்களுடைய அறிக்கைகளிலும் சொல்கிறார்கள். இது ரகசியம் இல்லை. கணினி முன்னால் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் தெரிந்துவிடும் விஷயம்.

பேருக்குப் போட்ட தடையும் இல்லை. தால் எரிமலையின் உயரம் வெறும் 311 மீட்டர், பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும். ஆனால் அடியில் இருக்கும் சூடும் சுற்றி இருக்கும் தண்ணீரும் சந்தித்தால் நீராவி வெடிப்பு, அதுவும் பெரிய முன்னறிவிப்பு இல்லாமலே வரக்கூடியது. 1911-இல் 1,300 பேருக்கு மேல் இறந்தார்கள். 1965-இல் ஏறத்தாழ 200 பேர். 2021, 2022-இலும் வெடித்தது. போதாததற்குக் கந்தக வாயு வேறு. அப்பாவுக்கு மூச்சிரைப்பு உண்டு, அதை உங்கள் மருத்துவப் படிவத்தில் எழுதியும் கொடுத்திருந்தோம்.

இதை விரிவாக எழுதக் காரணம், அதற்குப் பிறகு நடந்தது. கரையில் நின்றுகொண்டே உங்கள் ஒருங்கிணைப்பாளருக்கு போன் செய்தேன். மன்னிப்பு கேட்பார் என்று நினைத்தேன். அவர் சொன்னது: "மேடம், தலைக்கு ஐம்பது டாலர் எக்ஸ்ட்ரா குடுத்தா யாராவது போட்காரர் சைலண்டா கூட்டிட்டுப் போவார், நான் பேசிப் பார்க்கவா?" வேண்டாம் என்று சொல்லி போனை வைத்தேன். உள்ளூர்ப் படகுக்காரரே மாட்டேன் என்று நின்ற இடத்துக்கு, 67 வயது மூச்சிரைப்புக்காரரைத் திருட்டுத்தனமாக அனுப்பச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் தயார். இதற்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் விசாரிக்க வேண்டும்.

அன்றைக்கு அப்பாவுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று. தலிசாய் சந்தையில் தாவிலிஸ் மீனைப் பார்த்தார். நம்மூர்ச் சாளை இனம்தான், ஆனால் நன்னீரிலேயே வாழும் ஒரே சாளை. கடலோடு தொடர்பிருந்த அந்த நீர்நிலை 1754 வெடிப்புக்குப் பிறகு அடைபட்டு, நாளாவட்டத்தில் உப்புப் போய் நன்னீரானது என்று மீன்காரப் பெண்ணுக்கே அவர் பாடம் எடுத்தார், கைடு மொழிபெயர்த்தார். அப்புறம் மூன்று மணிநேரம் மாலில் இருந்தோம், அது உங்கள் வவுச்சரில் இருந்ததால்.

ஊர் திரும்பி நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு, 'இயற்கைக் காரணங்களால் ஏற்படும் மாற்றங்களுக்கு நிறுவனம் பொறுப்பல்ல' என்ற விதியைக் காட்டி, அடுத்த பயணத்துக்கு ரூ.3,000 கூப்பன் தந்திருக்கிறீர்கள். அந்த விதி, பணம் கட்டிய பிறகு புயலோ வெடிப்போ வந்தால் பொருந்தும். ஆறு வருடத்துக்கு முன்பே மூடிய இடத்துக்கு எப்படிப் பொருந்தும்? இன்னொன்று, உங்கள் விளம்பரத்தில் 'தால் எரிமலை வாய்' என்று போட்டிருக்கும் அழகான கூம்பு மலை, ஏரி இருக்கும் அந்த வாயே இல்லை. அது பினிந்தியாங் மலாகி, தீவின் ஓரத்தில் இருக்கும் பழைய கூம்பு. உச்சி ஏரி என்று உள்ளே போட்டிருக்கும் படமோ 2020-க்கு முந்தையது. அந்த வெடிப்பில் ஏரித் தண்ணீரே வற்றிப்போய், பிறகு புதிதாக ஊறி நிரம்பியது. இவை அப்பா கண்டுபிடித்த பிழைகள், அவர் சிவப்பு மையில் திருத்திய நகல் இணைப்பு 3.

எனவே, எங்களிடம் வாங்கிய ரூ.29,400-ஐ முழுவதும் திருப்பித் தர வேண்டும். தீவில் ஏறலாம் என்று சொல்லும் விளம்பரத்தை உடனே நீக்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் அதே பயணத்துக்குப் பணம் கட்டியிருப்பவர்களுக்கு, அவர்கள் கிளம்புவதற்கு முன்பே உண்மையைச் சொல்ல வேண்டும். போனில் பேசிய ஒருங்கிணைப்பாளர் மீது என்ன நடவடிக்கை என்பதையும் எழுத்தில் தாருங்கள், தொலைபேசியில் வேண்டாம்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நான் குடியிருக்கும் திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: வாட்ஸ்அப் உரையாடல், வவுச்சரின் படம், திருத்திய விளம்பர நகல், பணம் கட்டிய ரசீது. ரூ.3,000 கூப்பனையும் இதனுடனே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.