அப்பும் டவுனும்: கோமதிக்கு ஒரு கடிதம்

ஷெஃபீல்ட்

அன்புள்ள கோமதி,

உன் குரல் பதிவுகளுக்கெல்லாம் கைகூப்பும் பொம்மையைப் போட்டே காலத்தை ஓட்டுகிறேன் என்று நீ கோபப்படுவது நியாயம்தான். காரணம் இருக்கிறது, வருகிறேன். அண்ணனுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. மாடிப்படி ஏற விடாதே, அவர் கேட்க மாட்டார். சுசீலா வீட்டுக் கல்யாணத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாவைப் பார்த்தேன் என்றாயே, இன்னும் அதே குடைதானா?

நீ நர்சிங் பிள்ளைகளுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறாய் என்று கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை. "ஓ.இ.டி. இங்கிலீஷ் பரீட்சை எழுதி உங்க ஊருக்கு வரப்போறவங்க, ஏதாவது டிப்ஸ் சொல்லேன்" என்கிறாய். ஏட்டி, டிப்ஸாவது! கொட்டித் தீர்க்கிறேன், பொறுமையாகப் படி.

நம் சிவப்பு அட்டைப் புத்தகத்துப் பயிற்சி நினைவிருக்கிறதா? 'ஹி இஸ் கோடு த கிச்சன்.' கோடிட்ட இடத்தில் பொருத்தமான பிரிபோசிஷனை நிரப்பு. 'இன்' என்று எழுதினால் முழு மார்க். ஆனால் இந்த வீட்டில் யாரும் அப்படி மொட்டையாகச் சொல்வதில்லை. 'ஹி இஸ் டவுன் இன் த கிச்சன்', 'ஷி இஸ் அப் இன் த பாத்', 'அவுட் இன் த கார்டன்', 'ரவுண்ட் அட் மம்ஸ்'. முன்னால் ஒரு அட்வெர்ப், பின்னால் ஒரு பிரிபோசிஷன். 'இன் த கிச்சன்' என்பது அவன் இருக்கும் இடத்தைச் சொல்கிறது. 'டவுன்' என்பது சொல்கிறவள் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. அவள் மாடியில் நிற்கிறாள். 'பேக் இன் த ஆஃபீஸ்' என்றால் நடுவில் வெளியே போய்த் திரும்பியிருக்கிறான். இவ்வளவு சேதி ஒரு சின்னச் சொல்லில்.

இந்த ஊர் மேடும் பள்ளமுமாக இருப்பதால் எனக்கு இது நன்றாக உறைத்தது. நாங்கள் இருக்கும் க்ரூக்ஸ் மேட்டில் இருக்கிறது. கடைவீதிக்குப் போனால் 'டவுன் இன் டவுன்'. முதல் டவுன் இறக்கம், இரண்டாவது டவுன் நகரம். மான்செஸ்டர் என்றால் 'ஓவர் இன்', நடுவில் பென்னைன் மலை கிடக்கிறது அல்லவா, தாண்டித்தானே போக வேண்டும். லீட்ஸ் வடக்கே, அதனால் 'அப் இன்'. லண்டன் தெற்கே, 'டவுன் இன்'. ஆனால் ரயில்காரர்களுக்கு லண்டனை நோக்கிப் போகிற தண்டவாளம்தான் அப். உன் அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டுக் குதூகலித்திருப்பார், அவர் வாயில் எந்நேரமும் அப்பும் டவுனும்தானே. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் ஆட்களுக்கோ எந்தத் திசையிலிருந்து போனாலும் பல்கலைக்கழகத்துக்குப் போவது 'கோயிங் அப்'. சேட்டை செய்து வெளியே தள்ளப்பட்டால் 'சென்ட் டவுன்'. எல்லாம் மலையும் வரைபடமும் மட்டும் தீர்மானிப்பதில்லை. கொஞ்சம் கௌரவமும் உண்டு.

இதில் நமக்கு அந்நியமாக ஒன்றுமில்லை. 'உள்ளே அடுப்படியில இருக்கா', 'மேலே மச்சில காயப்போட்டிருக்கு' என்று நாமும்தானே சொல்கிறோம்? பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும்.

இப்போது அந்தக் காரணத்துக்கு வருகிறேன். எனக்குக் காது மந்தமாகிவிட்டது கோமதி. வயதானால் வருவதுதான், முதலில் மேல் ஸ்தாயி ஒலிகள் போகுமாம். 'ஸ', 'ஃப', 'த' எல்லாம் மங்கிவிடும். எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் பேசிச் சிரிப்பார்கள், நானும் சேர்ந்து சிரித்து வைப்பேன். எதற்கென்று தெரியாது. பேத்தி ஒருநாள் மகளிடம், "ஆச்சி சும்மா சிரிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. இதை உன்னைத் தவிர யாரிடமும் எழுதவில்லை, நீயும் ஸ்டாஃப் ரூம் கூட்டத்தில் போட்டு உடைத்துவிடாதே.

சரி, அழுகை போதும். பரிசோதனைக்குப் போனதில்தான் ஒரு விஷயம் பிடிபட்டது. இந்த ஜோடிகளில் அட்வெர்ப் அழுத்தமாக வருகிறது, பிரிபோசிஷன் வாய்க்குள்ளேயே கரைந்துவிடுகிறது. 'டவுன்' கணீரென்று கேட்கும்; அதற்குப் பின்னால் வருகிற 'டு' வெறும் 'ட' ஆகிவிடும், 'ஆஃப்' வெறும் 'அ'. செவி மங்கிய எனக்கு 'டவுன்… ஷாப்' என்றுதான் விழுகிறது. முதலில் பழியைக் காதின் மேல் போட்டேன். அப்புறம் பார்த்தால் இந்த ஊர்க்காரர்களே பாதி நேரம் அதை விழுங்குகிறார்கள்! 'டவுன் த பப்' என்பார்கள், 'டு'வே கிடையாது. பழைய யார்க்‌ஷயர் ஆட்கள் 'த'வையும் தொண்டையில் ஒரு வெட்டாக வெட்டிவிடுவார்கள். நாம் காலமெல்லாம் எதற்கு மார்க் போட்டோமோ அது காற்றில் போகிறது. எதைக் கேட்கவே இல்லையோ அது உரக்க நிற்கிறது. வினாத்தாள் தயாரித்த புண்ணியவான்கள் காதில் இது விழவேண்டும்.

காதுக் கருவி கொடுத்திருக்கிறார்கள், அரசு மருத்துவச் சேவையில் காசு கிடையாது. 'ஹௌ ஆர் யூ கெட்டிங் ஆன் வித் இட்?' என்று கேட்டாள் அதைக் கொடுத்த பெண். பார்த்தாயா, 'ஆன் வித்'. பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் கொடுத்தார்கள், அவர் மேஜை இழுப்பறைக்குள் போட்டு மூடிவிட்டார். 'ஐ காண்ட் பி டூயிங் வித் இட்' என்கிறார். எனக்கு ஒத்துவராது என்று அர்த்தம். எந்தப் பாடப் புத்தகத்தில் இதைத் தேடுவது?

இனி உன் பிள்ளைகளுக்கு வருகிறேன். இங்கே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கேரளத்துப் பெண் ஒருத்தியோடு பஸ்ஸில் பேச்சுக் கொடுத்தேன். "டாக்டர்கள் பேசுவது சுலபம் ஆன்ட்டி, கிழவிகள் பேசுவதுதான் கஷ்டம்" என்றாள். எவ்வளவு சரி! டாக்டர் வாயில் வருவது லத்தீனும் கிரேக்கமும், அதை இவர்கள் கல்லூரியிலேயே உருப்போட்டுவிட்டார்கள். 'வாமிட்' தெரியும். ஆனால் பாட்டி 'ஐ ப்ராட் அப் மை ப்ரெக்ஃபஸ்ட்' என்றால் இவள் தட்டைத் தேடுவாள். கம் என்ற ஒரே வினையை எடுத்துக்கொள். 'கம் அவுட் இன் எ ரேஷ்' என்றால் உடம்பில் தடிப்பு கிளம்பியது. 'கம் டவுன் வித் ஃப்ளூ' என்றால் காய்ச்சலில் படுத்தது. 'கம் ரவுண்ட் ஃப்ரம் தி அனஸ்தெட்டிக்' என்றால் மயக்கம் தெளிந்தது. கம் எங்கேயும் வரவில்லை. சேதி முழுக்க வாலில் இருக்கிறது. 'ஹி இஸ் கான் டவுன் டு தியேட்டர்' என்றால் நோயாளியை ஆபரேஷனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். நம் பிள்ளைகளில் ஒன்றாவது என்ன படம் என்று யோசிக்காதா? உப்பைக் குறை என்பதற்கு 'கட் டவுன் ஆன் சால்ட்'. இந்த 'ஆன்' ஏன் என்று கேட்கும் பிள்ளையிடம் காரணம் தேடாதே, மூன்றையும் ஒரே சொல்லாகச் சொல்லிப் பழக்கு.

அப்புறம் 'பாப்'. சட்டென்று ஏறு, போ, வா என்று எல்லாவற்றுக்கும் இதுதான்; நர்சுகளுக்கு இது தாரக மந்திரம். 'பாப் அப் ஆன் டு த பெட் ஃபார் மீ', 'பாப் ஓவர் டு ரிசெப்ஷன்', 'பாப் பேக் இன் எ வீக்'. முட்டி வலிக்காரியைப் பார்த்து பாப் அப் என்கிறார்கள், நான் என்ன சோளப்பொரியா?

இந்த வால் சங்கதியைச் சாமுவேல் ஜான்சன் 1755-லேயே தம் அகராதி முன்னுரையில் எழுதிவைத்திருக்கிறார். வினைக்குப் பின்னால் ஒட்டுகிற இந்தத் துண்டுச் சொற்கள்தான் வெளிநாட்டாருக்கு மிகப்பெரிய கஷ்டம் என்று. அவருக்கு நம் மேல் இருந்த இரக்கம்கூட நம் பாடத்திட்டக்காரர்களுக்கு இல்லை.

பீட்டர் சார் இருந்தால் "இது அட்வெர்பா பிரிபோசிஷனா?" என்று சாக்பீஸை ஓங்குவார். அவர் தோற்றுப்போவார் என்று நினைக்கிறேன். 1924-லேயே டென்மார்க் மொழியறிஞர் யெஸ்பர்சன், செயப்படுபொருளோடும் அது இல்லாமலும் ஒரே வினை வருகிற மாதிரிதான் இதுவும், இரண்டு வகைச் சொல் எதற்கு என்று கேட்டுவிட்டார். 2002-இல் வந்த கேம்பிரிட்ஜின் தடித்த இலக்கணமும் அப், டவுன், அவுட் எல்லாவற்றையும் பிரிபோசிஷன் பக்கமே தள்ளிவிட்டது. முன்னால் 'ரைட்' சேர்த்துப் பார்: 'ரைட் அப்', 'ரைட் இன் த மிடில்' இரண்டும் வரும், 'ரைட் க்விக்லி' பொது இங்கிலீஷில் வராது. எனக்கு இந்த வாதம் பிடித்திருக்கிறது. ஆனால் ராத்திரி ஷிஃப்டில் நிற்கப்போகிற பிள்ளைக்கு அதன் பெயர் வேண்டாம், அது காதில் விழுந்தால் போதும். அதனால் கோடிட்ட இடத்தைத் தூக்கிப் போடு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி, "சொல்றவ எங்கே நிக்கிறா?" என்று கேள். மழையில் நனைந்து வாசலில் நிற்பவளிடம் பக்கத்து வீட்டு அம்மா சொல்வது: 'கம் ஆன் இன் அவுட் ஆஃப் த ரெய்ன்.' ஆன், இன், அவுட், ஆஃப் வரிசையாக நான்கு! 'இன்'னும் 'அவுட்'டும் அடுத்தடுத்து நின்றும் சண்டையில்லை. இன் வீட்டுக்குள், அவுட் மழையிலிருந்து. இதைப் படம் போட்டுக் காட்டு, பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். உன் வகுப்பில் வீடியோவில் வந்து உட்காரச் சம்மதித்திருக்கிறார், யார்க்‌ஷயர் பேச்சைப் பிள்ளைகள் நேரடியாகக் கேட்கட்டும். உங்கள் ஊர் மாலை ஐந்து மணிக்கு வை, இங்கே பகல் சாப்பாட்டுக்கு முன்னால் வரும்; சாப்பிட்டுவிட்டால் அவர் தூங்கிவிடுவார். எந்தக் கிழமை என்று எழுதியே அனுப்பு, குரல் பதிவு வேண்டாம்.

அன்புடன்,
வசந்தா