அட்வான்ஸ் கொடுக்க முன்

திருகோணமலை

அன்பின் மச்சான் தேவனுக்கு,

சுகம் தானே? மலரும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவுக்கு மட்டும் முழங்கால் நோவு, மற்றப்படி குறையில்லை. இவ்வளவு காலம் எழுதாததற்கு நேரில் வரும்போது ஏசு. இப்போது விஷயம் அவசரம்.

சாம்பல்தீவில் 10 பேர்ச் காணி பார்த்திருக்கிறாயாம், வருகிற கிழமை 3 இலட்சம் அட்வான்ஸ் கொடுக்கப் போகிறாயாம். கட்டையன் சொன்னான். மச்சான், கொஞ்சம் பொறு. நீ சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று உன்னைவிட எனக்கு ஆசை. ஆனால் காசு கைமாற முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். வங்கி உனக்கு எவ்வளவு தரும்? அந்தக் காணியை அது ஈடாக எடுக்குமா?

முதலாவது ஒரு பின்னேரத்துக் கணக்கு. உன் நிலையான சம்பளம் 60,000. ஓவர்டைமை வங்கி முழுதாக எண்ணாது, அதை மறந்துவிடு. குறைந்த சம்பளக்காரருக்கு எல்லாக் கடன் தவணையும் சேர்த்துச் சம்பளத்தில் 40 வீதத்தைத் தாண்டக்கூடாது என்றுதான் பொதுவாகப் பார்ப்பார்கள். அதாவது 24,000. வட்டி 12 வீதம், 15 வருடம் என்று வைத்தால், ஒரு இலட்சத்துக்கு மாதம் 1,200 ரூபா போகும். அப்படியென்றால் உனக்கு 20 இலட்சம். ஆனால் ஓட்டோ லீசிங் 8,500 இன்னும் ஓடுகிறதே! அதைக் கழித்தால் மிஞ்சுவது 15,500, கடன் 13 இலட்சத்துக்குள் இறங்கிவிடும். அந்த 3 இலட்சத்தில் முதலில் லீசிங்கை முடித்தால் உன் கடன் தகுதி 7 இலட்சம் ஏறும். உனக்கு வயது 44. 60க்குள் கடன் முடிய வேண்டும் என்பார்கள், ஆகவே 15 வருடத் தவணை உனக்கு இந்த வருடமும் அடுத்த வருடமும்தான் கிடைக்கும்.

ரவியின் கடனுக்கு நீ பிணை நின்றது நினைவிருக்கிறதா? அதுவும் உன் கிரிப் அறிக்கையில், அதாவது கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில், வரும். அவன் தவணை பிந்தினால் உன் விண்ணப்பத்தையும் அது இழுக்கும். வங்கிக்குப் போக முன் உன் அறிக்கையை நீயே எடுத்துப் பார். அவனிடம் கேட்க உனக்குக் கூச்சமென்றால் நான் கேட்கிறேன்.

இனி காணிக்கு வருகிறேன். ஆட்கள் விழுவது இங்கேதான். சம்பளம் சரி, கிரிப் சரி, ஆனால் வங்கிச் சட்டத்தரணி காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, ஏற்காமல் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதற்குள் அட்வான்ஸ் போய்விட்டிருக்கும்.

முதலில், அது என்ன காணி என்று கேள். தனியார் உறுதிக் காணியா, அரச அனுமதிப்பத்திரமா, அரசு உரிமையோடு எழுதிக் கொடுத்த அளிப்பா? நம் மாவட்டத்தில் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த காணி நிறைய. அனுமதிப்பத்திரக் காணியை வெறும் கடதாசியில் எழுதி 'விற்பவர்கள்' இருக்கிறார்கள். அந்தக் கடதாசிக்கு எந்த வங்கியும் ஒரு சதம் தராது. அளிப்புக் காணியென்றாலும் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றவோ ஈடு வைக்கவோ ஏலாது.

உறுதிக் காணியென்றால் யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று 30 வருட உரிமைத் தொடர்ச்சி பார்ப்பார்கள். காணிப் பதிவகத்தில் ஒவ்வொரு கைமாற்றமும் பதிவாகியிருக்க வேண்டும். எங்கள் ஊரில் இடம்பெயர்வுக் காலத்தில் தாய் தகப்பன் செத்து, பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறி, உறுதி இன்னும் தகப்பன் பேரிலேயே கிடக்கும். ஒரு பிள்ளை வந்து விற்றால் அவருடைய பங்குதான் உனக்கு வரும். உன் காணிக்காரர் கனடாவில் இருக்கும் அக்காவின் அற்றோணித் தத்துவத்தில், அதாவது அவருக்காகக் கையெழுத்து வைக்கும் அதிகாரப் பத்திரத்தில், விற்கிறார் என்றும் கட்டையன் சொன்னான். அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, அதில் விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா, அக்கா உயிரோடு இருக்கிறாரா என்று மூன்றையும் பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்தால் தத்துவமும் அன்றோடு செத்துவிடும்.

பிறகு சேர்வேயர் படம். 10 பேர்ச் பெரிய துண்டிலிருந்து பிரித்ததென்றால் அந்தப் பிரிப்புக்கு பிரதேச சபை அனுமதி இருக்க வேண்டும். வாகனம் போகும் வழி உறுதியிலும் படத்திலும் எழுதியிருக்க வேண்டும். 'வழி விடுவோம்' என்ற வாய்ச்சொல் வங்கிக்குக் காணாது. காணி கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வந்தால் கட்டுவதற்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். சாம்பல்தீவு என்றபடியால் இதை அளந்தே பார்.

எல்லாம் சரியென்று கண்ட பிறகுதான் அட்வான்ஸ். அதையும் உறுதி எழுதும் நொத்தாரிசு முன் ஒப்பந்தமாக எழுது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு எழுதாத காணி ஒப்பந்தத்தை வைத்து வழக்கில் காணியைக் கேட்க முடியாது. முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்த கடதாசி போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. வங்கி உறுதியை ஏற்காவிட்டால் முழு அட்வான்ஸையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும். அந்த வரிக்குச் சம்மதிக்காத ஆளிடம் காணி வாங்காதே. நல்ல உறுதி வைத்திருப்பவர் அதற்குப் பயப்பட மாட்டார்.

உன் ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எஃப்) மறந்துவிட்டாய் போலிருக்கிறது. 12 வருடமாகக் கட்டுகிறாய். மீதியில் 75 வீதம் வரை பிணையாக வைத்து வீட்டுக்கடன் எடுக்கலாம், தொழில் திணைக்களத்தின் சான்றிதழ் வேண்டும். தவணை கட்டாமல் விட்டால் அந்த நிதியிலிருந்தே கழிப்பார்கள். 10 வருடம் கட்டி, மீதி 3 இலட்சத்துக்கு மேல் இருந்தால் வீட்டுக்கென்று 30 வீதத்தைக் கையிலேயே எடுக்கவும் வழியுண்டு. ஆனால் எடுத்த அளவுக்குப் பிணையாக நிற்கும் மீதி குறையும்.

வட்டியைப் பற்றி ஒன்று. முதல் சில வருடம் நிலையான வட்டி, பிறகு சந்தையோடு மாறும் என்று கடன் கடிதத்தில் எழுதியிருக்கும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 வீதப் புள்ளியால் ஏற்றியது உனக்குத் தெரியும். 12 வீதத்தில் 24,000 கட்டும் அதே 20 இலட்சம் 20 வீதத்தில் 35,000 ஆகும். அதனால் தகுதி 20 என்றாலும் 15 இலட்சத்தோடு நில். சின்ன வீடாகக் கட்டலாம், இரண்டு அறையும் குசினியும் போதும். மலரோடு இதைப் பேசு, அவள் கணக்கில் உன்னைவிடக் கெட்டிக்காரி.

கட்டும் காசு ஒரேயடியாக வராது. அத்திவாரம் முடிந்தால், சுவர் எழும்பினால், கூரை போட்டால் என்று வங்கி ஆள் வந்து பார்த்துப் பகுதி பகுதியாக விடுவார்கள். முதல் கட்டத்துக்கு உன் காசு வேண்டும். தை பிறந்த பிறகு தொடங்கு, மாரியில் அத்திவாரக் கிடங்கு தண்ணீரில் நிற்கும்.

பார்க்காமல் அவசரப்பட்டு அந்தச் சைக்கிளை வாங்கின மாதிரி இதையும் செய்யாதே!

கடைசி உறுதியினதும் படத்தினதும் போட்டோப் பிரதியைப் பின்பக்கப் பதிவு முத்திரை தெரிய அனுப்பு. பதிவகத்தில் தேட எனக்கு அந்த இலக்கம் காணும். திங்கட்கிழமைக்குள் வந்தால் அந்தக் கிழமையே பார்த்துச் சொல்கிறேன். அதுவரை காணிக்காரரிடம் சட்டத்தரணி பார்க்கிறார் என்று மட்டும் சொல்லி வை.

அன்புடன்,
குணம்