காவி நிற முகங்கள்

பாரிஸ்,
மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் இருவரும் ஒரே குரலில் "ஒன்றுமில்லை" என்கிறீர்கள். காகிதத்தில் பொய் எழுத உங்கள் கை கூசும் என்பதால்தான் கடிதத்தில் கேட்கிறேன்.

குளிர் இன்னும் விட்டபாடில்லை. காலை ஆறரைக்குக் கிளம்பும்போது தெரு இருட்டாகத்தான் இருக்கிறது. மாதம் ஒரு முறை முருங்கைக்காய் வாங்க லா ஷப்பெல் பக்கத்து யாழ்ப்பாணத்துக்காரர் கடைகளுக்குப் போகிறேன். விலையை எழுத மாட்டேன், அம்மா படிப்பாள்.

பிரேம் போடும் பட்டறையில் வேலை பழகிவிட்டது. அட்டையை நாற்பத்தைந்து பாகைச் சரிவில் வெட்டும்போது இப்போதெல்லாம் மூலையில் கத்தி தாண்டுவதில்லை. போன வாரம் முதியவர் ஒருவர் பெரிய துணி உறை ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே தனித்தனித் தாள்களாக ஓவியங்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்க முகங்கள். முதல் தாளை எடுத்ததும் எனக்கு நம் வாசல் நினைவுக்கு வந்தது. அம்மா கோலத்துக்கு ஓரம் கட்டும் அதே காவி! இங்கே அந்தச் செங்காவிக் கட்டியைச் சங்கின் என்கிறார்கள், இரத்தம் என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

தூள் உதிர்ந்துவிடுமே என்று மூச்சை அடக்கிக்கொண்டு தாளை இரண்டு கையாலும் ஏந்திப் போனேன். இப்படிக் காவிக் கட்டியால் வரைந்த படங்களுக்கு அக்ரிலிக் தகடு ஆகாது. அதில் ஏறும் நிலைமின்சாரம் தூளை மேலே இழுத்துவிடும், கண்ணாடிதான் போட வேண்டும். இதையெல்லாம் முதலாளியிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் பூதக்கண்ணாடியைக் கையில் கொடுத்துச் சிரித்தார். அத்தனையும் அச்சு! 1927இல் வெளியான தொகுப்பாம், மொத்தம் 50 படத்தாள்கள். கட்டைவிரலால் தேய்த்த தடம்கூட அச்சில் அப்படியே விழுந்திருக்கிறது, நான் ஏமாறாமல் என்ன செய்வேன்?

வரைந்தவர் அலெக்சாந்தர் யாகொவ்லெவ். 1887இல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவர். உதவித்தொகை பெற்றுக் கிழக்காசியாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஊரில் 1917 புரட்சி வந்துவிட்டது. திரும்பிப் போகாமல் பாரிசுக்கு வந்து தங்கிவிட்டார். இங்கே அவரைச் சித்ரோயன் கார் நிறுவனம் ஆப்பிரிக்கப் பயணத்துக்கு ஓவியராக அழைத்துக்கொண்டது. முன்னால் டயரும் பின்னால் ரப்பர் பட்டையும் கொண்ட எட்டு வண்டிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம்: பொன்வண்டு, வெள்ளிப்பிறை, சிறகு முளைத்த நத்தை என்று. நத்தை என்று பெயர் வைத்துக்கொண்டு சகாராவைக் கடக்கப் புறப்பட்டவர்களின் துணிச்சலைப் பாருங்கள். 1924 அக்டோபர் 28 அன்று அல்ஜீரியாவின் கொலோம்-பெஷாரில் கிளம்பி, நைஜர், சாடு, பெல்ஜியக் காங்கோ என்று போய், கம்பாலாவில் நான்கு குழுக்களாகப் பிரிந்து, 1925 ஜூனில் மடகாஸ்கரை எட்டினார்கள்.

படங்களைப் பற்றி உங்களிடம்தானே சொல்ல முடியும். காங்கோவின் மங்க்பெத்து இனப் பெண் ஒருத்தியின் பக்கவாட்டு முகம். குழந்தையிலேயே கயிறு சுற்றித் தலையை நீளவாக்கில் வளர்த்துவிடுவது அந்தக் காலத்தில் அவர்கள் வழக்கம். அந்த நீண்ட மண்டையின் முடிவில் கூந்தல் விசிறிபோல விரிகிறது. கூந்தலுக்கு நூல்நூலாகக் கோடுகள். கன்ன எலும்பில் வெளிச்சம் படும் இடத்தில் எதுவுமே இல்லை, வெறும் காகிதம். கழுத்து மூன்றே கோட்டில் முடிந்துவிடுகிறது. "எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன்தான் ஓவியன்" என்று எட்டாம் வகுப்பில் என் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்கினீர்களே, அது நினைவுக்கு வந்தது.

ஆனால் அப்பா, ஒன்று உறுத்துகிறது. படங்களில் நைஜரின் தெசவா ஊர்ச் சுல்தான் பர்மு என்று ஒருவர் இருக்கிறார். படக்குறிப்பில் அவருக்குப் பெயரும் ஊரும் பதவியும் உண்டு. வேறு சிலருக்கு இனப்பெயர் மட்டுந்தான். அந்த முகங்களும் குறைவாக வரையப்பட்டவை அல்ல. உதட்டோரச் சுருக்கம்வரை கவனித்திருக்கிறார். அவ்வளவு நேரம் எதிரே உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கேட்டாரா, கேட்டும் எழுதாமல் விட்டாரா? பள்ளிக்கூட வாட்ச்மேனைக் கரும்பலகையில் வரைவதற்கு முன்னால், பதினைந்து வருடமாகத் தெரிந்தவரிடம் போய் "உங்கள் முழுப் பெயர் என்ன?" என்று கேட்டவர் நீங்கள்.

கார் விற்கவும், காலனிகளை ஒன்றோடொன்று கோக்க வழி பார்க்கவும் போட்ட பயணம் அது. 1954வரை காரைக்காலும் அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்தான் இருந்தது. அந்த வண்டி நம் தெருவுக்கு வந்து, யாராவது அப்பாயியை உட்காரவைத்து வரைந்திருந்தால், கீழே "காரைக்கால் பெண்" என்றுதான் எழுதியிருப்பார்கள். இங்கே பட்டறைக்கு வருகிறவர்களும் என்னை "அந்த இந்தியப் பெண்" என்கிறார்கள். பெயர் அட்டையை மேசைமேல் வைத்திருக்கிறேன், வாய்க்குள் நுழையவில்லையாம். யாகொவ்லெவ் மட்டும் நுழைகிறது.

நான்கு தாள்களுக்கு பிரேம் முடிந்தது. மங்க்பெத்துப் பெண்ணுக்கு மெல்லிய கறுப்புச் சட்டம், என் தேர்வுதான். முதியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் சில்லறையைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போனார்.

கூடத்தில் நீங்கள் கரியால் வரைந்த அப்பாயி படத்தின் கண்ணாடி காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழைக்காலத்துக்குள் கழற்றி, நடுவில் அட்டை கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். வெளியே எடுக்கும்போது கீழே பெயரையும் எழுதிவிடுங்கள். அஞ்சலையா, அஞ்சம்மாளா? எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை அப்பா. பதிலில் எழுதுங்கள்.

அன்பு மகள்,
தேன்மொழி