ஹால் மூலைக்கு எந்தச் செடி?

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் புது வீட்டுப் படங்களும் கிடைத்தன. இத்தனை வருஷ வாடகை வீட்டு வாழ்க்கைக்குப் பிறகு பாளையங்கோட்டையில் உனக்கென்று ஒரு வீடு அமைந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இங்கே அம்பாசமுத்திரத்தில் எல்லோரும் நலம். மூத்தவள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கார் சாகுபடிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதால் ஊரே வயலில் கிடக்கிறது.

சரி, செடி விஷயத்துக்கு வருகிறேன். ஹாலில் ஆளுயரத்துக்கு ஒரு செடி வேண்டும், மதினி பிடில் வடிவத்தில் அகல இலை விடுகிற ஃபிடில் லீஃப் செடியைக் கேட்கிறார்கள், நீ ரப்பர் செடி என்கிறாய், இல்லையா? நான் ரப்பர் செடி பக்கம்தான். மதினி கோபித்துக்கொள்ளாமல் காரணத்தைக் கேட்கட்டும்.

இரண்டும் நம்ம ஆல், அரசு, அத்தியோடு பிறந்த ஒரே சாதிச் செடிகள்தான். கிள்ளினால் ஆலம்பால் மாதிரியே வெள்ளைப் பால் வடியும். ஆனால் பிறந்த ஊர் வேறு. ஃபிடில் லீஃப் மேற்கு ஆப்பிரிக்காவின் தாழ்வான மழைக்காடுகளில் வளர்வது. வருஷம் முழுக்க ஈரக்காற்றில் நின்று பழகியது. உன் ஊர்க் காற்றை நினைத்துப் பார். ஆனி, ஆடியில் பொதிகைக்கு அந்தப் பக்கமே மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் வற்றிப்போய்த்தான் பாளையங்கோட்டைக்கு வந்து சேருகிறது. சித்திரையில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும். போதாததற்கு ஹாலில் ஏசி வேறு மாட்டியிருக்கிறாய். அத்தனை அகலமான இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகுவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம். இடம் மாற்றினாலும் அது இலையை உதிர்த்துவிடும். வீட்டில் விசேஷம் என்றால் செடியை நகர்த்தாமல் இருப்பாயா?

முக்கியமானது வெளிச்சம். படத்தில் பார்த்தேன், நீ சொல்கிற மூலை கிழக்கு ஜன்னலிலிருந்து பத்தடியாவது தள்ளி இருக்கிறது. நம் கண்ணுக்கு அது வெளிச்சமாகத் தெரியும். செடிக்கு அது இருட்டு. ஃபிடில் லீஃபுக்கு ஜன்னல் ஓரமே வேண்டும். கரும்பச்சை இலை ரப்பர் செடி கொஞ்சம் மங்கலிலும் சமாளித்துக்கொள்ளும். ஆனாலும் நாலைந்து அடியாவது ஜன்னல் பக்கம் தள்ளி வை. வெள்ளைத் திட்டு உள்ள ரகத்தைக் கடையில் காட்டுவார்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதற்கு வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

ரப்பர் செடி என்றதும் மதினி குலசேகரம் ரப்பர் தோட்டத்தை நினைத்திருப்பார்கள். அங்கே பால் வெட்டுவது பிரேசிலிலிருந்து வந்த மரம், ஆமணக்குக் குடும்பம். நம் செடி வடகிழக்கு இந்தியக் காட்டுக்காரன். மேகாலயாவில் காசி என்கிற பழங்குடி மக்கள் ஓடைக்குக் குறுக்கே உயிருள்ள வேர்களைப் பின்னிப் பாலம் கட்டுகிறார்களே, அது இந்த மரத்தின் வேர்தான். அப்படிப்பட்ட மரம் ஒன்று ஹாலில் அடக்கமாக நின்று, சிவப்பு உறையைப் பிரித்துக்கொண்டு புது இலை விடுவதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. வேருக்கு அத்தனை பலம் இருப்பதால்தான், வீட்டுச் சுவரோரம் தரையில் மட்டும் இதை நட்டுவிடாதே.

காற்றைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்பார்கள். 1989-இல் நாசா செய்த ஆய்வு மூடிய சின்னப் பெட்டிகளுக்குள் நடந்தது. ஜன்னல் திறந்திருக்கிற வீட்டில் அதை நம்பி வாங்க வேண்டியதில்லை, பச்சைக்காக வாங்கினால் போதும்.

காருகுறிச்சி மண்தொட்டி ஒன்று வாங்கி வை, அடியில் ஓட்டை அவசியம். செம்மண், மணல், மக்கின சாணி உரம் போதும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார், காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். வீட்டுக்குள் வைத்த செடி பெரும்பாலும் தண்ணீர் கூடித்தான் வேர் அழுகிச் சாகிறது. உங்கள் போர் தண்ணீர் உப்பு என்றாயே, முடிந்த மட்டும் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரை ஊற்று. இலையை ஈரத்துணியால் துடைத்தால் போதும், பளபளப்புக்கு எண்ணெய் தடவ வேண்டாம். அப்புறம், பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான் என்று எழுதியிருந்தாய். செடியில் வடியும் அந்தப் பால் வாயிலோ கண்ணிலோ பட்டால் எரியும். ஃபிடில் லீஃபிலும் இதே கதைதான். பிள்ளைக்கு எட்டாத மாதிரி வை.

கடையில் வாங்காதே. என் வீட்டு மரத்தில் ஒரு நல்ல கிளையாகப் பார்த்து, வளையமாகத் தோல் சீவி, நார்த்தூள் வைத்துப் பாலிதீன் சுற்றிப் பதியம் போட்டுவிடுகிறேன். ஆவணி கடைசியில் வேர் பிடித்திருக்கும். மதினியையும் கூட்டிக்கொண்டு வா, மரத்தை நேரில் பார்த்துவிட்டு அவர்களே முடிவு சொல்லட்டும். வருகிறபோது காரில் பின் சீட்டைக் காலியாக வைத்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்