ஓய்வூதியம் எப்போது வாங்குவது: மகளுக்கு ஒரு கடிதம்

அன்பு மகளுக்கு,

அமெரிக்க அரசு இத்தனை ஆண்டுகள் என் சம்பளத்தில் பிடித்த சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியப் பணத்தை 62 வயதிலேயே வாங்கத் தொடங்கியிருக்கலாமே, இன்னும் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். தொலைபேசியில் ஒரு வரியில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது. அம்மாவையும் உன்னையும் உன் குழந்தைகளையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருப்பதால் நிதானமாக எழுதுகிறேன்.

1960-ஆம் ஆண்டிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு முழு ஓய்வு வயது, அதாவது குறைக்கப்படாத முழுத்தொகை கிடைக்கும் வயது, 67. அந்த வயதில் ஒருவருக்கு மாதம் 2,400 டாலர் வரும் என்று வைத்துக்கொள். அவரே 62-இல் கேட்டால் தொகை 30 சதவீதம் குறைந்து 1,680 டாலராகும். 67-க்குப் பிறகு காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 8 சதவீதம் கூடி 70-இல் 2,976 டாலராகும். அதற்கு மேல் காத்திருப்பதில் பயன் இல்லை. 62-இல் குறைந்த தொகை 67 ஆனதும் தானாகச் சரியாகிவிடும் என்று என்னுடன் வேலை பார்ப்பவர்களில் சிலர் இன்றும் நம்புகிறார்கள். அது சரியாவதில்லை, விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் வரும் உயர்வும் அந்தக் குறைந்த தொகையின் மீதுதான் சேரும்.

என் ஆயுளை மட்டும் வைத்துப் பார்த்தால், 70 வரை காத்திருப்பவன் ஏறக்குறைய 80 வயதைத் தாண்டினால்தான் 62-இல் வாங்கியவனைவிட மொத்தத்தில் அதிகம் பெற்றவனாவான். அதற்கு முன்பே போய்விட்டால் நஷ்டம்தானே என்பது உன் வாதம். நான் தனி ஆளாக இருந்தால் அதை ஏற்றுக்கொண்டிருப்பேன். நோயாளியாக இருப்பவரும், கையில் வேறு பணம் இல்லாதவரும் முன்பே வாங்குவதில் ஒரு தவறும் இல்லை. ஆனால் அம்மா என்னைவிட நான்கு வயது இளையவள். அவளுடைய வீட்டில் பெண்கள் தொண்ணூறைத் தொட்டவர்கள். எனக்குப் பின் அவள் தனியாக வாழப்போகும் ஆண்டுகளுக்கான வருமானத்தைத்தான் நான் இப்போது முடிவு செய்கிறேன்.

கணவன் மனைவி இருவரில் ஒருவர் இறந்தால் இரண்டு தொகைகளும் தொடர்வதில்லை. பெரியது எதுவோ அது மட்டுமே நிற்கும், சிறியது போய்விடும். மேலே சொன்ன கணக்கின்படி நான் 62-இல் வாங்கியிருந்தால், எனக்குப் பின் அம்மா தன் முழு ஓய்வு வயதில் இறந்தவரின் துணைவருக்கான பலனைக் கேட்கும்போது அவளுக்குக் கிடைக்கக்கூடியது என் முழுத்தொகையில் 82.5 சதவீதம், அதாவது 1,980 டாலர். நான் 70 வரை காத்திருந்து வாங்கினால் அவளுக்கு வருவது 2,976 டாலர். மாதம் 996 டாலர் வித்தியாசம், அவள் இருக்கும் வரை. 70-க்கு முன்பு, விண்ணப்பிக்காமலே நான் இறந்துவிட்டாலும், 67-க்குப் பின் அதுவரை காத்திருந்த மாதங்களுக்கான உயர்வு அவளுக்குச் சேரும். ஆகவே காத்திருந்தது வீணாகாது.

அம்மாவுக்கு அவளுடைய சொந்த உழைப்பிலும் ஒரு தொகை உண்டு. அது என்னுடையதைவிடச் சிறியது. நாங்கள் இருவரும் உயிரோடு இருக்கும் காலம் வரைதான் அதற்கு வேலை. அதனால் அடுத்த ஆண்டு 62 ஆனதும் அவள் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கலாம் என்பது என் எண்ணம். தன் ஓய்வூதியத்தை முன்கூட்டி வாங்கியதற்காக, என் மறைவுக்குப் பின் என் கணக்கிலிருந்து வரும் பலன் குறைக்கப்படாது. ஆனால் அந்தப் பலனையே அவள் 60 வயதிலிருந்து கேட்க முடியும் என்பதும், முழு வயதுக்கு முன்பு கேட்டால் அது குறையும் என்பதும் (60-இல் 71.5 சதவீதம்தான்) உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு ஏதாவது நேர்ந்தால், யாராவது அவசரப்படுத்தி அவளைக் கையெழுத்திட வைத்துவிடக் கூடாது. இயன்றால் தன் சொந்தத் தொகையில் சமாளித்து, 67-இல் பெரியதற்கு மாறட்டும்.

நான் உயிரோடு இருக்கும்போது என் கணக்கில் அவளுக்கு வரக்கூடிய மனைவிக்கான தொகை என் 67 வயதுத் தொகையில் அதிகபட்சம் பாதி. நான் விண்ணப்பித்த பிறகுதான் அது தொடங்கும். நான் 70 வரை காத்திருப்பதால் அது கூடவும் செய்யாது.

இந்தத் திட்டம் காலியாகப் போகிறது, அதற்குள் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம் என்றும் சொன்னாய். அறங்காவலர்களின் 2025 அறிக்கையின்படி ஓய்வூதிய நிதியின் சேமிப்பு 2033-இல் தீரும். அதற்குப் பிறகும் உழைப்பவர்களின் சம்பளத்திலிருந்து 6.2 சதவீதமும் முதலாளிகளிடமிருந்து அதே அளவும் வந்துகொண்டே இருக்கும் என்பதால், நாடாளுமன்றம் எதுவுமே செய்யாமல் இருந்தாலும் 77 சதவீதம் கொடுக்க முடியும் என்று அதே அறிக்கை சொல்கிறது. வெட்டு விழுந்தால் 62-இல் வாங்கத் தொடங்கியவருக்கும் விழக்கூடும். ஏற்கெனவே குறைந்த தொகையில் மேலும் குறைவதைத் தாங்குவது இன்னும் கடினம்.

முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரை மட்டும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதற்கு வயது 65-தான். நிறுவனக் காப்பீட்டில் இருந்துகொண்டே வேலை செய்பவன் என்பதால் எனக்கு அவகாசம் உண்டு. வேலையை விட்டதும் எட்டு மாதத்துக்குள் அதன் மருத்துவர் செலவுக்கான பி பகுதியில் சேர வேண்டும், தவறினால் வாழ்நாள் முழுவதும் கூடுதல் கட்டணம்.

இனி, நீ கேட்காத ஒன்று. எழுதவே மனம் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். சோஷியல் செக்யூரிட்டியை முதியோருக்கான திட்டம் என்று நீயும் மாப்பிள்ளையும் ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள். 1935-இல் சட்டம் வந்தபோது அப்படித்தான் இருந்தது. 1939-இல் இறந்தவரின் குடும்பத்துக்கான பலனும், 1956-இல் உடலியலாமைக்கான பலனும் சேர்க்கப்பட்டன. அதனால் முப்பத்தாறு வயதான நீ இன்று உனக்கும் உன் குழந்தைகளுக்கும் ஒரு காப்பீடு வைத்திருப்பவள். அது காலாவதியாகக்கூடிய காப்பீடு என்பதுதான் என் கவலை.

வாழ்நாளில் 40 கிரெடிட், அதாவது சுமார் பத்து ஆண்டு உழைப்பு இருந்தால் ஓய்வூதிய உரிமை நிலைத்துவிடும். உனக்கு அது வந்துவிட்டது. உடலியலாமைப் பலனுக்கு அது போதாது. 31 வயதைத் தாண்டியவருக்கு, முடங்கிப்போன நேரத்துக்கு முந்தைய பத்து ஆண்டுகளில் 20 கிரெடிட் இருக்க வேண்டும். இரண்டாவது குழந்தைக்காக நீ வேலையை விட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. தொடர்ந்து வேலை பார்த்தவர் நின்றுவிட்டால் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளில் இந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும். முழுநேர வேலைக்குத் திரும்பு என்று நான் சொல்லவில்லை. குழந்தைகளோடு இருப்பது உன் விருப்பம், அதை மதிக்கிறேன். 2025-ஆம் ஆண்டில் 1,810 டாலர் சம்பாதித்தால் ஒரு கிரெடிட் கிடைத்தது. 7,240 டாலர் சம்பாதித்தால் ஓர் ஆண்டுக்கு அதிகபட்சமான நான்கும் கிடைத்தன. நீ வீட்டிலிருந்தே சொல்லிக்கொடுக்கும் வகுப்புகளின் வருமானத்தைச் சுயதொழிலாகக் காட்டி வரி கட்டினாலே போதும். அதில் சோஷியல் செக்யூரிட்டிக்கான பங்கு மட்டுமே 12.4 சதவீதம் என்பது உறுத்தும். இருந்தாலும் அதைக் கட்டு. நீ பெறப்போகும் ஓய்வூதியமும் அதிக வருமானமுள்ள 35 ஆண்டுகளின் சராசரியிலிருந்துதான் கணக்கிடப்படும். 35 ஆண்டுகள் சேராவிட்டால், வருமானமே இல்லாத ஆண்டு பூச்சியமாக உள்ளே நுழையும்.

உடலியலாமைப் பலன் சுலபமாகக் கிடைப்பது அல்ல. குறைந்தது 12 மாதம் நீடிக்கும் என்றோ உயிருக்கே முடிவாகும் என்றோ எதிர்பார்க்கப்படும் நோயால் குறிப்பிடத்தக்க வேலை எதையும் செய்ய முடியாதவருக்கே அது. பகுதி ஊனத்துக்கு எதுவும் இல்லை. பொதுவாக முதல் ஐந்து முழு மாதங்களுக்குப் பணம் வராது, பலன் தொடங்கி 24 மாதம் கழித்தே மெடிகேர் வரும். முதல் விண்ணப்பம் மறுக்கப்படுவது மிகச் சாதாரணம். அப்போது மனம் தளர்ந்து புதிதாக விண்ணப்பிக்காமல், 60 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். மறுபரிசீலனையில் தோற்றாலும் நீதிபதியின் முன் விசாரணை கேட்கும் உரிமை உண்டு.

உங்கள் இருவரில் ஒருவர் இறக்க நேர்ந்தால், 18 வயதுக்கு உட்பட்ட உன் குழந்தைகள் ஒவ்வொருவருக்கும் அவருடைய முழுத்தொகையில் 75 சதவீதம் வரை உண்டு. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வளர்க்கும் துணைவருக்கும், அவரே நிறையச் சம்பாதிக்காத வரை, ஒரு பங்கு உண்டு. மொத்தத்துக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. கேட்டால்தான் இதெல்லாம் வரும், கேட்காமல் யாரும் தேடி வந்து கொடுப்பதில்லை. மாப்பிள்ளை இந்தியாவில் வேலை பார்த்த ஆண்டுகள் இங்கே கிரெடிட்டாகச் சேராது. இரு நாடுகளுக்கும் இடையே அதற்கான ஒப்பந்தம் இல்லை. இங்கே வந்த பின் உழைத்ததைக் கொண்டுதான் அவர் நாற்பதை எட்ட வேண்டும். ஒரு நல்ல செய்தி: வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுபவரின் தொகையைக் குறைத்துவந்த விதி, 2025 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தால் நீங்கிவிட்டது.

என் காலத்துக்குப் பின் செய்ய வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஈமச்சடங்கு நிறுவனம் பெரும்பாலும் மரணத்தைச் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குத் தெரிவித்துவிடும். ஆனாலும் நீ ஒருமுறை அழைத்து உறுதி செய். அம்மாவின் விண்ணப்பத்தை இணையத்தில் முடிக்க முடியாது, தொலைபேசியிலோ அலுவலகத்திலோதான். நான் இறக்கும் மாதத்துக்கான தொகை எனக்கு உரியது அல்ல. அது மறுமாதம் வங்கிக்கு வந்தால் தொடாதே, திரும்ப எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை மட்டும் தரும் 255 டாலரை இரண்டு ஆண்டுக்குள் கேட்க வேண்டும். எங்கள் திருமணச் சான்றிதழில் என் பெயர் தலைப்பெழுத்தோடும், இங்கே உள்ள ஆவணங்களில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்பதைக் காட்டும் பழைய பாஸ்போர்ட்டுகளைச் சான்றிதழின் அசலோடு சேர்த்து வைத்திருக்கிறேன். நகலையோ நோட்டரி கையெழுத்திட்டதையோ அவர்கள் ஏற்பதில்லை.

நாங்கள் நினைவு தடுமாறும் நிலை வந்தால், வழக்கறிஞர் எழுதித்தந்த அதிகாரப் பத்திரம் இந்த அலுவலகத்தில் செல்லாது. எங்கள் தொகையை எங்களுக்காகப் பெற்று நிர்வகிக்கும் பிரதிநிதியை அவர்களே நியமிப்பார்கள். யாரை விரும்புகிறோம் என்று முன்கூட்டியே மூன்று பேர் வரை குறிப்பிடலாம். நானும் அம்மாவும் விண்ணப்பிக்கும்போது முதலில் உன் பெயரையும் அடுத்து தம்பியின் பெயரையும் கொடுக்க நினைத்திருக்கிறோம். நீ இதற்குச் சம்மதம்தானா என்பதை எழுது.

அதற்கு முன் உன் சோஷியல் செக்யூரிட்டி இணையக் கணக்கைத் திறந்து ஆண்டுவாரியான வருமானப் பட்டியலைப் பார். விடுபட்ட ஆண்டு இருந்தால் அந்த ஆண்டு முடிந்து 3 ஆண்டு, 3 மாதம், 15 நாளுக்குள் திருத்தச் சொல்வதுதான் சுலபம். அதற்குப் பின் சில விதிவிலக்குகளில்தான் முடியும். நீ வேலையை விட்ட ஆண்டின் சம்பளம் முழுமையாக ஏறியிருக்கிறதா என்பதை முதலில் சரிபார். மாப்பிள்ளையையும் அவருடையதைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா